விரத வீட்டில் கடல் தொட்டி

குவைத்தில் சண்டை வந்தபோது ஒற்றைப் பையோடு திரும்பி வந்த மாமா, அடுத்த இரண்டு வருடமும் எங்கள் வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். அம்மாவுக்கு ஒரே தம்பி. அங்கே ஓர் அரபி வீட்டில் கடல்மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டதாக உண்மையைச் சொன்னார். சொன்னதாலேயே பாறசாலை முதல் குன்னத்துகால் வரை பொய்யன் என்று பெயரெடுத்தார். மீனுக்குக் காவல் இருக்க யாராவது சம்பளம் கொடுப்பார்களா என்பது ஊரின் நியாயமான சந்தேகம்.

கோவளத்தில் ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்த முதலாளி ஒருவர் மட்டும் நம்பினார். முன்கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி வைத்து, கடலில் ஒன்றையொன்று பிடித்துத் தின்கிற ஜீவன்களை ஒன்றாக விட்டு, வருகிறவர்களுக்குக் காட்ட வேண்டும் என்று அவருக்கு ஆசை. முதலில் வீட்டில் ஒரு சின்னத் தொட்டியில் செய்து காட்டு, முடிந்தால் வேலை உனக்கு என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கே மாமா எழுந்து சவரம் செய்துகொண்டார்.

நெய்யாற்றின்கரையில் கண்ணாடி வெட்டி வாங்கி, சாய்ப்பிலேயே தானே தொட்டியை ஒட்டினார். பொழியூரிலிருந்து கேன் கேனாகக் கடல்தண்ணீர் ஜீப்பில் வந்தது. முற்றத்தில் நல்ல கிணறு இருக்க உப்புத்தண்ணீருக்கு வண்டி வைக்கிற குடும்பத்தைப் பார்க்க ஆட்கள் வேலியோரம் கூடினார்கள். வலைக்காரர்கள் உயிரோடு பிடித்துக் கொடுத்த மூன்று ஜீவன்கள் தொட்டிக்குள் இறங்கின. பெரிய வாயும் தூங்குமூஞ்சியுமாக ஒரு கலவா மீன். பாம்பு போல நீண்ட அஞ்சாளை. ஒரு குழாய்க்குள் உடம்பை ஒளித்துத் தலையை மட்டும் நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும். மூன்றாவது எட்டுக்கால் நீராளி. அது ஒரு மண்சட்டிக்குள் குடியிருந்தது. நான் கண்ணாடியில் விரலை வைத்தால் அதுவும் உள்ளிருந்து ஒரு காலை அங்கேயே கொண்டுவந்து வைக்கும். எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு அப்படியொரு சிநேகிதி இருந்ததில்லை.

இவை எப்படிச் சேர்ந்து வாழும் என்று கேட்டதற்கு மாமா சொன்னார்: “பசியாக்கும் மக்கா சத்துரு. மூணுக்கும் வயறு நெறஞ்சு கெடந்தா ஒண்ணு மத்ததைத் தொடாது.” நீண்ட குச்சியில் செம்மீன் என்கிற இறாலைக் குத்தி ஒவ்வொன்றின் வாசலுக்கும் கொண்டுபோய் ஊட்டுவார். அவர் சொன்னபடியே இரண்டு மாதம் மூன்றும் சண்டையில்லாமல் இருந்தன. எங்கள் சொந்தபந்தத்தில் எந்த மூன்று பேரும் அத்தனை நாள் அப்படி இருந்ததில்லை.

கார்த்திகை பிறந்ததும் அப்பா சபரிமலைக்கு மாலை போட்டார். மாலை போட்ட வீட்டில் நாற்பத்தியொரு நாள் மீன் ஏறாது. மீன்காரி அக்காகூட எங்கள் வீட்டு நடை வரும்போது கூவாமல் கடந்து போவாள். தொட்டியில் உயிரோடு கிடக்கிற மீனை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். “கெடக்கது கெடக்கட்டு. வெளிய இருந்து புதுசா ஒண்ணும் கேறப்பிடாது.” அக்கா வீட்டுச் சோற்றைத் தின்கிற மாமா வேறு வழி பார்த்தார். மீன்காரியிடம் சொல்லி, வேலிக்கு வெளியே கொல்லாமரத்தடியில் தினமும் ஒரு இலைப்பொதி செம்மீன் வைக்கச் செய்தார். காலையில் அதை எடுத்து, சாய்ப்பின் பின்கதவு வழியாகப் போய் ஊட்டிவிட்டுக் குளித்துவிட்டு வருவார். சரியாக அந்த நேரத்தில் அப்பா முன்பக்கம் போய்ப் பத்திரிகையை விரித்துக்கொள்வார். அதை நான் தற்செயல் என்று நினைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை அப்பா இருமுடி கட்டிக் கிளம்பினார். அன்றே கோவளத்திலிருந்து மாமாவுக்கும் ஆள் வந்தது. தொட்டி கட்டுகிற இடத்தில் மூன்று நாள் நிற்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முதலாளியே கூட வந்து இங்குள்ளதைப் பார்ப்பார். மாமா என்னைக் கொல்லாமரத்தடிக்குக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டினார். “என் ஜீவிதம் உன் கையிலாக்கும் மக்கா. அஞ்சாளைக்கு முதல்ல குடுக்கணும். ஞாயிறாச்ச வாறேன்.” தலையை ஆட்டினேன்.

அந்தியில் விளக்கு வைத்தபோது அம்மா என்னிடம் சொன்னாள்: “அப்பா மலை கேறியாச்சு. இஞ்ச ஒரு செதில் கேறினாலும் அங்க அவருக்குத்தான் தோஷம் தட்டும். புலி உள்ள காடாக்கும்.”

மறுநாள் காலையில் பொதியை எடுத்தேன். பின்கதவு வரை போனேன். கையிலிருந்து செம்மீன் வாடை வந்தது. காட்டுப் பாதையில் அப்பா தனியாக நிற்பதுபோல் தோன்றியது. திரும்பி ஓடி ரப்பர்த் தோட்டத்தில் பொதியை வீசினேன். காக்கைகள் இறங்கின. சனிக்கிழமையும் அதையே செய்தேன். அன்று மத்தியானம் கண்ணாடியில் விரலை வைத்தபோது நீராளி இரண்டு கால்களை வைத்துத் துழாவியது. எனக்கு அழுகை பொங்கி வந்தது. பசிக்கிறது என்று தெரிந்தும் நான் கொடுக்கவில்லை.

சாயங்காலம் தண்ணீர் சளப்பென்று அடிக்கும் சத்தம் கேட்டு ஓடினேன். அஞ்சாளை குழாயைவிட்டு முழுதாக வெளியே வந்திருந்தது. அதன் வாயில் நீராளி. மிச்சமிருந்த கால்கள் அஞ்சாளையின் தலையைச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தன. பிறகு மை பரவி ஒன்றும் தெரியாமல் போயிற்று. நான் அடுக்களைக்குப் போய், அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இலைப்பொதியை எடுக்கவே போகவில்லை. மை கலங்கிய தண்ணீரில் கலவா செத்து மிதந்தது. அஞ்சாளை மட்டும் அடியில் வயிறு வீங்கிக் கிடந்தது. மாமாவோடு காரில் வந்து இறங்கிய முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்து பார்த்தார். “ஒரெண்ணமல்லே உள்ளூ?” ஒன்றுதானே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அம்மா கொண்டுவந்த சாயாவைத் தொடாமல் போய்விட்டார்.

மாமா என்னைக் கூப்பிட்டார். குரலில் கோபமே இல்லை. “தீனி போட்டியா மக்கா? உள்ளதைச் சொல்லு. மாமா ஒண்ணும் செய்யமாட்டேன்.”

அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

“போட்டேன் மாமா. அஞ்சாளைக்குத்தான் முதல்ல.”

“நெறைய தின்னுதா?”

“தின்னுச்சு. மிச்சம்கூட வச்சுது.”

அவர் குனிந்து அஞ்சாளையின் வீங்கிய வயிற்றைப் பார்த்தார். “அப்ப நான் படிச்சது தப்பாக்கும்,” என்றார். அஞ்சாளையை வாளியில் எடுத்துக்கொண்டு, கடலில் விடுவதற்குப் பொழியூர் பஸ் ஏறினார்.

திங்கட்கிழமை அப்பா ஒரு கீறல்கூட இல்லாமல் திரும்பி வந்தார். அவரைக் காப்பாற்றியது நான்தான் என்ற பெருமையோடு அவர் கொண்டுவந்த அரவணைப் பாயசத்தை விரலால் வழித்துத் தின்றேன்.

மாமா ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டப் போனார். அடுத்த மழைக்காலத்தில் திருவனந்தபுரத்திலிருந்து வேறொருவர் மாமாவை விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். அவருக்கும் கடல் தொட்டிதான் வேண்டியிருந்தது. சம்பளமும் நல்ல சம்பளம். மாமா எழுந்து நின்று, “எனக்கு அந்த வேலை அறியாது சாரே,” என்றார். வந்தவர் திரும்பத் திரும்பக் கேட்டும் அதையே சொன்னார். அவர் போனபிறகு, வாசலில் வந்த பிழைப்பை விரட்டுகிறாயே, உனக்கு உடம்பெல்லாம் மடி, சோம்பேறி என்று அம்மா அழுதுகொண்டே திட்டினாள். பக்கத்தில் நின்ற நானும், மாமாவுக்கு மடி என்றுதான் நினைத்தேன்.