கரிமேட்டுக்காரரின் உள்ளங்கை

அந்த அனல்மின் நிலையம் சின்னது, வயதானதும்கூட. பெரிய நிலையங்கள் ஒழுங்காக ஓடும்வரை அதை யாரும் சீண்டமாட்டார்கள். எங்காவது ஒன்று படுத்துவிட்டால் மட்டும் தொலைபேசி அலறும். விசேஷத்துக்குக் கூப்பிடாமல், கட்டில் தூக்க ஆள் வேண்டும்போது மட்டும் தேடப்படும் சித்தப்பாவின் நிலைமைதான்.

இப்படிக் காத்துக் கிடப்பதில் ஒரு வில்லங்கம் உண்டு. நிலக்கரியை மேடாகக் குவித்துச் சும்மா போட்டுவைத்தால் அது சும்மா இருக்காது. உள்ளுக்குள்ளேயே சூடேறி, யாரும் தீக்குச்சி உரசாமலே பற்றிக்கொள்ளும். அதைக் கவனிக்கத்தான் கரிமேட்டுக்காரர் இருந்தார். தினமும் காலையில் மேட்டின்மேல் ஏறி, ஆளுயர இரும்புக் கம்பியை அங்கங்கே ஆழமாகச் செருகுவார். ஒரு டீ குடிக்கிற நேரம் விட்டு உருவி, நுனியை வலது கையால் பிடிப்பார். பிடிக்க முடிந்தால் சரி. கை வெடுக்கென்று பின்வாங்கினால் அந்த இடத்தைத் தோண்டிப் பரப்பி ஆறவிட வேண்டும். தோண்டுகிற லோடரை ஓட்டியது அவருடைய மச்சினன், மனைவியின் தம்பி.

நிர்வாகம் ஒருமுறை வெப்பமானி வாங்கிக் கொடுத்தது. "ஏன், என் கைக்கு என்ன கேடு?" என்று கேட்டு அதை அலமாரியில் போட்டுப் பூட்டிவிட்டார். வாய்க்கொழுப்புதான், வேறென்ன. ஆனால் அந்தக் கை தப்பாகச் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை. நிலையத்தின் கண்காணிப்பாளர்கூட அவர் கையை நம்பித்தான் பாய்லரைப் பற்றவைப்பார்.

கேடு மெதுவாகத்தான் வந்தது. சர்க்கரை நோய். செருப்பு கழன்றது தெரியாமல் பாதித் தெரு நடந்து வந்தார். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள், அவரும் சிரித்தார். பிறகு விரல்கள் மரத்தன, அப்புறம் உள்ளங்கை. டாக்டரிடமே பாதியைத்தான் சொன்னார். மேட்டைவிட்டு இறக்கினால் லாரிக்குக் கேட் திறக்க உட்காரவைத்துவிடுவார்கள் என்று பயந்தார். குளிர்காலம் முழுக்கக் கரி பெரிதாகச் சூடேறவில்லை. அதனால் அவர் குட்டும் வெளிப்படவில்லை.

கோடையில் ஒரு நாள் காலை, கம்பியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஜில்லுன்னு இருக்கு!" என்று மேலிருந்து கத்தினார். மதியம் தொலைபேசி அலறியது. பெரிய நிலையம் ஒன்று நின்றுபோயிருந்தது. மச்சினன் லோடரைக் கொண்டுபோய் மேட்டை வாரினான். வாரிய கரியோடு கங்கும் செக்கச்செவேல் என்று சரிந்து கன்வேயர் பெல்ட்டில் விழுந்தது. ரப்பர் பெல்ட் பற்றி எரிந்து அறுந்தது. அவசரத்துக்குக் கூப்பிட்ட அன்று இந்தச் சின்ன நிலையம் கைவிரித்தது, கரண்ட் இல்லாமல் ஊரே வியர்வையில் நனைந்தது.

கண்காணிப்பாளருக்குக் கணக்கு எளிது. காலையில் குளிர்ந்திருந்த மேடு மதியத்தில் தானாக எப்படிக் கங்காகும்? யாரோ நெருப்பு போட்டிருக்க வேண்டும். மச்சினனின் சட்டைப்பையில் சிகரெட் பெட்டி இருந்தது.

"மேட்டுல நான் சிகரெட் பிடிக்கல சார், சத்தியமா!"

"அவரு கை பொய் சொல்லுமா? நாளையிலேர்ந்து வராதே."

கரிமேட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றார். பையன் சிகரெட் பிடித்துத் தொலைத்திருப்பானோ என்று அவருக்கும் ஒரு சந்தேகம். அப்படி இருந்தால் தேவலை என்றும் இருந்தது.

வீட்டில் மனைவி அழுதுகொண்டே தட்டை வைத்தாள். "ரெண்டு புள்ளைய வச்சிக்கிட்டு அவன் எங்க போவான்? ஒரு வார்த்தை நீங்க சொல்லக்கூடாதா?"

அவர் கழுவுவதற்குக் கையை நீட்டினார். அவள் சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினாள். கரித்தூள் கரைந்தது. "ஐயையோ! என்னங்க இது?"

உள்ளங்கைக்குக் குறுக்கே கம்பியின் பருமனுக்கு ஒரு கோடு வெந்து கிடந்தது. கொப்புளம் எப்போதோ உடைந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் நெருப்பு அவர் கையில்தான் இருந்திருக்கிறது. மனிதரை வெட்கம் பிடுங்கித் தின்றது, தட்டைத் தள்ளிவைத்தார்.

மறுநாள் காலை மேட்டுக்குப் போகாமல் நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். மேசைமேல் கையை மல்லாக்க விரித்தார்.

"அவன் பத்தவைக்கல சார். அவனைக் கூப்பிட்டுக்குங்க."

கண்காணிப்பாளர் நாற்காலியைவிட்டு எழுந்துவிட்டார். "இது எப்பப்பா?"

"நேத்துக் காலைல. கம்பியைப் பிடிச்சப்ப."

"இவ்வளவு வெந்திருக்கே, வலிக்கலையா?"

"வலிச்சிருந்தா தோண்டச் சொல்லியிருப்பேனே சார்."