ஓரமாக நின்ற விமானம்

என் தம்பி விமானம் ஓட்டுகிறான் என்றால் சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் பாதிப் பேர் நம்பமாட்டார்கள். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டு, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன் நான். அவன் படித்தான், துணை விமானி ஆனான். 2011இல் லீவில் வந்தபோது அவன் முகமெல்லாம் பூரிப்பு. எனக்குச் சந்தேகம் தட்டியது. யாராவது நல்ல சேதியோடு வந்தால் எனக்கு எப்போதும் அப்படித்தான்.

காலை இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்தான். கம்பெனி தன் விமானிகளையெல்லாம் ஓட்டலில் கூட்டிவைத்துக் காட்டிய படங்கள். ஒரு கோடு மேலே ஏறிக்கொண்டே போனது.

"மூணு வருஷத்துல பிளேனுங்க ரெட்டிப்பு ஆவுதுண்ணே. இப்பவே சீட்டெல்லாம் நிரம்பிதான் போவுது. சீக்கிரம் கேப்டன் ஆயிடுவேன்."

வேறொரு கம்பெனி அவனை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும். அங்கே போனால் வரிசையில் கடைசி ஆள். கேப்டன் ஆவது தள்ளிப்போகும். அதனால் வேண்டாமென்று எழுதப்போவதாகச் சொன்னான்.

"மத்த பைலட்டுங்க என்னா சொல்றாங்க?"

"சீனியருங்க மீட்டிங்ல நல்லா கைதட்டுனாங்க. வெளிய வந்து, 'கோடு ஏறிக்கிட்டே போவுதே, எங்க எறக்கப் போறாங்க'ன்னு கிண்டல். அவுங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். உன்ன மாதிரி."

கோடு எனக்குப் புரியவில்லை. சீட்டு நிரம்புவது புரிந்தது. எங்கள் பஸ்ஸிலும் படிக்கட்டு வரை ஆள் தொங்கினார்கள். முதலாளியும் ஆறு புது பஸ் வருது, ஆறு புது பஸ் வருது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் குடிகாட்டுப் பக்கம் இருந்த எங்கள் ஷெட்டில் ஒரு பஸ் ஓடாமல் நின்றது. முதலில் அதன் பேட்டரியைக் கழற்றி வேறொரு வண்டிக்குப் போட்டார்கள். பிறகு முன்கண்ணாடி. அதற்கப்புறம் நாங்கள் எண்ணுவதை விட்டுவிட்டோம்.

"உங்க கம்பெனில பறக்காம நிக்கற பிளேன் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணு நிக்குது, ஸ்பேர் வரணும்னு. அதுலேர்ந்து கொஞ்சம் கழட்டி மத்ததுக்குப் போடறாங்க. எல்லா எடத்துலயும் நடக்கறதுதான்."

"திருப்பி மாட்டறாங்களா?"

அவன் இட்லியைப் பிட்டபடி இருந்தான். "அது இன்ஜினியருங்க வேல."

"எங்க ஷெட்டுல நிக்கற பஸ்ஸயும் இப்பிடித்தான் கழட்டறாங்க. போயி பாரு. பாத்துட்டு அப்பறமா எழுது."

என் மனைவி சட்னியோடு வந்தாள். "உங்கண்ணன் புதுச் செருப்பு வாங்குனாகூட அடியத் திருப்பித் திருப்பிப் பாப்பாரு. அவுரு பேச்சக் கேட்டு வேலைய மாத்தாதீங்க."

"பஸ்ஸும் பிளேனும் ஒண்ணா, அண்ணே?" என்று அவனும் சிரித்தான்.

லீவு முடிந்து அவன் வேலைக்குத் திரும்பியதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கேயே இருந்து கம்பெனி படுத்துவிட்டால்? என் பேச்சைக் கேட்டு விலகி, அந்தப் பிளேன்களெல்லாம் நிஜமாகவே வந்துவிட்டால்? இரண்டுக்கும் நான்தான் காரணம் என்று தோன்றியது.

வெள்ளிக்கிழமை காலை, முதல் டிரிப்புக்கு ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது.

"பாத்தேண்ணே. ஒரு பக்கம் இன்ஜினே இல்ல. தார்பாய் போட்டு மூடியிருக்கு. உள்ள எட்டிப் பாத்தா பாதி சாமான் கெடையாது. எப்ப மாட்டுவீங்கன்னு கேட்டேன். இன்ஜினியரு தோள்ல தட்டிட்டுப் போயிட்டாரு."

"அப்ப?"

"கூப்புட்ட அந்தப் புதுக் கம்பெனிக்கு வரேன்னு எழுதிட்டேன்."

மூச்சு வந்தது. உடனே அடுத்த கவலையும் வந்தது. "அங்க எத்தன பிளேன் நிக்குதுன்னு கேட்டியா?"

"கேட்டுட்டுத்தான் எழுதுனேன்." பிறகு அவனே கேட்டான். "அது சரி, உங்க ஷெட்டுல நிக்குதே, அதுக்குச் சக்கரமாவது இருக்கா?"

கண்டக்டர் விசில் கொடுத்தான். டிரிப் டைம் ஆச்சு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அந்தப் பஸ்ஸின் பின்சக்கரங்கள் என் வண்டியில்தான் ஓடிக்கொண்டிருந்தன.