பங்குனி மழையும் மாப்பிள்ளை ஆட்டமும்

எங்கள் வீட்டுக்குப் பெண் கேட்டு வருகிறவர் ஜாதகத்தோடு வந்தால் மட்டும் போதாது. பெரியப்பாவோடு ஒரு ஆட்டம் பெத்தாங் ஆடியாக வேண்டும். முத்தியால்பேட்டையில் இதைச் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள், அவர்களுக்குப் பெரியப்பாவைத் தெரியும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர். சின்ன மரக்குண்டு ஒன்றைத் தூக்கிப் போட்டு, யாருடைய இரும்புக் குண்டு அதற்குக் கிட்டே போய் நிற்கிறது என்று பார்க்கிற அந்த விளையாட்டில் மனுஷனின் குணம் தானாக வெளியே வந்துவிடும் என்பது அவர் கட்சி.

அத்தைக்கு, அதாவது என் அப்பாவின் தங்கைக்கு, ஏற்கெனவே இரண்டு பேர் வந்து ஆடியிருந்தார்கள். ஒருவர் அளவு தப்பென்று தெருவே கேட்கக் கத்தினார். இன்னொருவர் குண்டை விட்டெறிந்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருவரும் தோற்றவர்கள். என் ஒன்பது வயதுக் கணக்குப்படி விஷயம் எளிது: ஜெயித்தால் பெண் உண்டு, தோற்றால் கிடையாது. மூன்றாமவர் பிரான்சில் வேலை பார்ப்பவர் என்று கேட்டதும் மிரண்டுபோனேன். அம்மா விடிந்ததும் தட்டாஞ்சாவடி கம்பெனிக்கு ஓடிவிடுவாள். தலைவாரிவிடுவது, வீட்டுப்பாடம் எழுதவைப்பது, பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்வது எல்லாம் அத்தைதான். அவள் போய்விட்டால் என் பாடு அதோகதி.

அது பங்குனி மாதம். அவர் பெண் பார்க்க வந்த அன்று காலையில் எதிர்வீடு தெரியாத அளவுக்குப் பனி. ஒன்பது மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. தெருவில் எல்லார் வீட்டு மாடியிலும் துணி ஏறியது. எதிர்வீட்டு அண்ணன் செல்போனைப் பார்த்து, "இன்னிக்கு மழையே இல்லியாம்" என்று அடித்துச் சொன்னார். பதினொன்றுக்கு மாப்பிள்ளை வீட்டார் காரைவிட்டு இறங்கும்போது கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்தது. துணியெல்லாம் இறங்கியது. மாப்பிள்ளைக்கு மறுநாள் விமானம். பெரியப்பா மசியவில்லை. "மழ வுட்டாதான் ஆட்டம், ஆட்டம் முடிஞ்சாதான் பதிலு" என்றார். நான் நேராகச் சாமி படத்தின் முன் போய், மழை விடவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

மழை விட்டது. வெயில் வந்தது. மறுபடி தூறியது. சாப்பாடு முடிந்து, பாயசமும் முடிந்து, பேச ஒன்றுமில்லாமல் பெரியவர்கள் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அத்தை பட்டுப்புடவையோடு நாலு தடவை மாடியேறி வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். "இந்தச் சனியன் புடிச்ச மழ எப்பத்தான் வுடும்?" என்று அழாத குறையாகக் கேட்டாள். துணி காயாத கவலையாக்கும் என்று நினைத்து, "நாளைக்குக் காஞ்சிரும் அத்த" என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

மூன்றரைக்கு வெயில் பளீரென்று திரும்பியது. தெருக்கோடி மைதானத்தில் ஆட்டம். குடையும் கையுமாகத் தெருவே கூடிவிட்டது. அத்தையும் பின்னால் நின்றாள். ஈர மண்ணில் குண்டு உருளவில்லை, விழுந்த இடத்திலேயே பதிந்தது. தாழ உருட்டுவதில் மன்னரான பெரியப்பாவின் பாச்சா பலிக்கவில்லை. மாப்பிள்ளையோ ஒவ்வொரு குண்டாகச் சேற்றைத் துடைத்து, உயரத் தூக்கிப் போட்டு, மரக்குண்டின் பக்கத்திலேயே இறக்கினார். முதலில் பதிமூன்று புள்ளி எடுப்பவருக்கு வெற்றி. இருவரும் பன்னிரண்டில் நின்றபோது வானம் மறுபடி இருட்டியது. கடைசிக் குண்டு விழுந்தது, மழையும் விழுந்தது. பெரியப்பாவின் குண்டும் மாப்பிள்ளையின் குண்டும் தள்ளி நின்று பார்த்தால் ஒரே தூரம்.

டேப் பிடித்து அளப்பது எப்போதும் என் வேலை. சின்னப் பிள்ளை பொய் சொல்லாது என்பது பெரியப்பாவின் நம்பிக்கை. மண்டியிட்டு அளந்தேன். மாப்பிள்ளையுடையது இரண்டு விரற்கடை கிட்டே இருந்தது. தலையை நிமிர்த்தி, கணீரென்று சொன்னேன்: "பெரியப்பாவுது!"

மாப்பிள்ளை என் எதிரில் வந்து குந்தினார். டேப்பைப் பார்த்தார், குண்டுகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மழைத்தண்ணீர் அவர் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. "பாப்பா சொன்னா சரிதாங்க" என்று எழுந்து பெரியப்பாவுக்குக் கைகொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை எங்கேயும் போகமாட்டாள்!

எல்லாரும் நனைந்துகொண்டு வீட்டுக்கு ஓடினோம். ஈரத் தலையைத் துவட்டியபடியே பெரியப்பா, "சரி, தட்ட மாத்திக்கலாம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தோற்றவருக்கா பெண்?

"அவரு தோத்துட்டாரு பெரியப்பா! நான்தான அளந்தேன்!"

கூடமே சிரித்தது. பெரியப்பா, "ஆமாண்டி, நீதான் அளந்த" என்று என் வாயில் ஒரு லட்டைத் திணித்தார். அத்தை என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கன்னத்திலும் மாறிமாறி முத்தம் கொடுத்தாள். மாப்பிள்ளை தன் தட்டிலிருந்த லட்டையும் எனக்கே தந்தார்.

பெரியவர்களுக்கு நியாயமே கிடையாது என்று அழுதுகொண்டே இரண்டு லட்டையும் தின்றேன். ஒரே ஒரு விஷயம்தான் தைரியம் கொடுத்தது: நான் பொய் சொன்னது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த மைதானத்தில் என்னைச் சுற்றிக் குனிந்து நின்ற அத்தனை பேருக்கும் கண் இருந்தது என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை.