கேள்வி கேட்டவர் வெளியே, நான் உள்ளே

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது இருபதுக்கு, “அப்பாடா... வித்துருச்சு!” என்று நான் போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து என் மனைவி ஓடி வந்தாள்.

“என்னங்க வித்துச்சு?”

இனி மறைக்க முடியாது. அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

விஷயம் ஆரம்பித்தது இலுப்பூரில். என் மனைவியின் தங்கை செல்வி அங்கே தையல் கடை வைத்திருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்பு பங்கு வாங்கி விற்க டிமேட் கணக்குத் தொடங்கி, எந்தப் பங்கு ஏறும் என்று போனில் துப்புக் கொடுக்கும் ஏதோ ஒரு டிப்ஸ் குரூப்பில் சேர்ந்து, இரண்டரை ரூபாய்க்கு ஒரு பங்கு வாங்கினாள். பென்னி ஸ்டாக் – அதாவது சில்லறைக் காசுப் பங்கு! ஐந்தாயிரம் ரூபாய்க்கு இரண்டாயிரம் பங்குகள். இரண்டாயிரம் என்ற எண்ணிக்கையில் என் வீட்டில் இருப்பது அரிசி மட்டும்தான்.

அந்தப் பங்கு தினமும் ஏறியது. ஒரு நாளைக்கு ஐந்து சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்று அதற்கு வரம்பு. காலையில் சந்தை திறந்ததுமே அந்த வரம்பைத் தொட்டுவிட்டு அப்படியே நிற்கும். வாங்குவதற்கு லட்சக்கணக்கில் ஆர்டர். விற்பதற்கு ஆளே இல்லை. ஒரு மாதத்துக்குள் ஆறு ரூபாய்!

எனக்கு வயிறு எரியவில்லை என்றால் நம்புவீர்களா?

மாடிக்கு ஷீட் போட நாற்பதாயிரம் ரூபாய் வங்கியில் வைத்திருந்தோம். மனைவியிடம் மூச்சுவிடாமல் மொத்தத்துக்கும் ஆர்டர் போட்டேன். கிடைக்கவில்லை. மறுநாளும் போட்டேன். கிடைக்கவில்லை. கிடைக்காத பொருள் மேல் வரும் ஆசை இருக்கிறதே...

அன்று மாலை செல்வி போன் பண்ணினாள்.

“மச்சான், குரூப்புலேருந்து என்னையத் தூக்கிட்டாங்க.”

“ஏன், என்ன பண்ணுனே?”

“ஒண்ணும் பண்ணலை. போன வருஷம் வரைக்கும் அது நூல் கம்பெனியாம். இப்ப சோலார்னு பேரை மாத்தியிருக்கான். வெப்சைட்டுல ஒரு போன் நம்பர்கூட இல்லை. இப்ப என்னதான் தயாரிக்கிறீங்கன்னு கேட்டேன். அம்புட்டுதான்... அட்மின் தூக்கிட்டான்.”

“ஒனக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி? ஏறுதுல்ல?”

“பத்து ரூபாய்க்கு நூல்கண்டு வாங்குனாக்கூட சாயம் போகுமான்னு கேப்பேன் மச்சான். கடைக்காரரு பதில் சொல்லுவாரு. இவன் கடையை விட்டே வெரட்டுறான். நாளைக்கு எல்லாத்தையும் வித்துப்புட்டு வெளிய வாரேன்.”

“பொறுமை வேணும் செல்வி. அவசரப்படாத.”

பத்திரிகையில் பத்தி எழுதுகிறவன் அல்லவா... அறிவுரை தானாக வந்து விழுந்தது.

மறுநாள் காலை அவள் விற்றாள். அதே காலை, மூன்றாவது முறையாக நான் போட்ட ஆர்டர் – கிடைத்துவிட்டது! ஒரே நிமிஷத்தில் மொத்தமும். இரண்டு நாளாக ஒன்றுகூடக் கிடைக்காத பங்கை இன்றைக்கு எல்லாரும் அள்ளிக் கொடுக்கிறார்களே, ஏன்? சத்தியமாக எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. விலையை ஏற்றிவிட்டவர்களே விற்றுவிட்டு ஓடுகிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. அன்று நண்பர்களுக்கு என் செலவில் காபி வேறு.

அடுத்த நாள் ஐந்து சதவீதம் இறக்கம். அதற்கடுத்த நாளும். வரிசை அப்படியே திரும்பிவிட்டது – விற்க லட்சக்கணக்கில் ஆர்டர். வாங்க ஆளே இல்லை. திரையில் விலை பளிச்சென்று தெரிகிறது. அந்த விலைக்கு வாங்கிக்கொள்ளத்தான் ஒருவரும் இல்லை! தினமும் ஒன்பது மணிக்கே விற்கும் ஆர்டரைப் போட்டுவிட்டு மூன்றரை வரை போனையே பார்த்துக்கொண்டிருப்பேன். சாப்பாடு இறங்கவில்லை. “மாத்திரை போட்டீங்களா?” என்று மனைவி கேட்கும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மூன்று வாரத்துக்கு மேல் இந்த வேதனை. கடைசியில் அந்தச் செவ்வாய்க்கிழமைதான் எவரோ ஒரு புண்ணியவான் வந்து வாங்கினார். கைக்கு வந்தது பதினேழாயிரம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மனைவி சத்தம் போடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

“அவ விக்கப்போறான்னு ஒங்களுக்குத் தெரியும்ல?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் வாங்குனீங்களா?”

“ம்...”

“அவ வித்ததையேதான் நீங்க வாங்கியிருப்பீங்க போல!”

சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே தங்கைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

“அய்யோ மச்சான்... இருந்தாலும் இருக்கும்! முன்னாடியே சொல்லியிருந்தா வாங்காதீங்கன்னு கையைப் புடிச்சிருப்பேனே!” என்றாள் செல்வி.

அக்காவும் தங்கையும் சிரித்த சிரிப்பில் நானும் சேர்ந்துகொண்டேன். வேறு வழி? அன்று மதியம்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். இருக்கிற பணத்துக்கு மாடியில் பாதிக்கு மட்டும் ஷீட் போடுவது என்று முடிவாகியிருக்கிறது.

புதிதாகப் பங்குச் சந்தையில் இறங்குகிறவர்களே... இரண்டு ரூபாய் என்பதாலேயே ஒரு பங்கு மலிவாகிவிடாது. வாங்குவது நம் கையில் இருக்கிறது. விற்பதற்கு இன்னொருவர் வரவேண்டும். அவர் வராமலே போகலாம். அதனால், மொத்தமாகப் போனாலும் தூக்கம் கெடாத தொகையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். செல்வி போட்டது ஐந்தாயிரம். நான் போட்டது மாடிக் கூரையை.

ஞாயிற்றுக்கிழமை மனைவி திடீரென்று கேட்டாள், “ஏங்க, எனக்கும் ஒரு டிமேட் அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிக் குடுங்களேன்.”

“அதுக்கென்ன, எல்லாத்தையும் நானே சொல்லித்தாரேன்” என்றேன் உற்சாகமாக.

“வேணாங்க. நான் செல்விகிட்ட கத்துக்கிறேன். நீங்க எழுதுறதோட நிறுத்திக்கங்க!”