வடைச்சட்டி எண்ணெயும் கத்தரிக்காய் லோடும்

டீசல் வண்டியைச் சமையல் எண்ணெய்க்கு மாற்றும் தொழிலில் முதலில் மாறுவது வண்டி இல்லை, நம் சேலையின் வாசனை. பழைய லாரி ஒன்றை வைத்துக்கொண்டு, விற்கவும் மனமில்லாமல் ஓட்டவும் முடியாமல் தவிக்கும் சக துரதிர்ஷ்டசாலிகளுக்காக இதை எழுதுகிறேன்.

என் கணவர் எனக்கு விட்டுப்போனவை மதுரை கோச்சடையில் ஒரு வீடு, ஒரு சின்ன லாரி, அந்த லாரியோடு ஒட்டிப் பிறந்தவர் போன்ற டிரைவர் முருகேசன். பேரையூர்ப் பக்கத்துக் கத்தரிக்காயை மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் கொண்டுவருவதுதான் வண்டிக்கு ஒரே பிழைப்பு. அது போனால் வண்டி பழைய இரும்புக்குப் போகும், முருகேசனின் வேலையும் கூடவே போகும். டீசல் போட்டுக் கட்டுப்படியாகவில்லை. பலகாரக் கடைகளில் மிஞ்சும் எண்ணெயை வடிகட்டி ஊற்றினால் லாரி ஓடும் என்று எங்கோ படித்தேன். கல்லூரியில் இலக்கியம் படித்தவளுக்கு, அச்சில் வந்ததை எல்லாம் நம்பும் வியாதி உண்டு. விஷயத்தைச் சொன்னதும் முருகேசன் வண்டியின் முகப்பைத் தடவிக்கொடுத்தார்.

"அம்மா, அதுக்கு இந்த வயசுல எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கிருமா?"

மஞ்சள் கேன்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு வடைக்கடை. மஞ்சள் பிளாஸ்டிக் கேனோடு ஓரமாக நின்றேன். கூட்டம் குறைந்ததும், வேண்டாத பழைய எண்ணெய் இருந்தால் தர முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றார் கடைக்காரர். லாரிக்கு என்றால் சிரிப்பாரே என்று கூச்சம். சும்மாதான் என்று சொல்லிவைத்தேன்.

அவர் என் நரைத்த தலையையும் சாயம் போன சேலையையும் கேனையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் கண் கலங்கியது, அடுப்புப் புகை என்று நினைத்தேன். பெஞ்சைத் துடைத்து என்னை உட்காரவைத்தார். இலையில் இரண்டு வடை, மேலே சட்னி. மறுத்துப் பேசியிருக்க வேண்டும். வடை சூடாக இருந்தது, சாப்பிட்டுவிட்டேன். கிளம்பும்போது குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"கருகுன எண்ணெயில சமைச்சுச் சாப்புடாதீங்கம்மா. பசிச்சா கூச்சப்படாம இங்கிட்டு வாங்க. புள்ளைக பாக்கலைன்னா என்ன, நாங்க இல்லையா?"

அய்யாவின் வேட்டிகள்

ஒருவழியாகக் கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லி எண்ணெய் சேர்த்தேன். அதில் மிதக்கும் வெங்காயத் துணுக்கையும் கருகிய கறிவேப்பிலையையும் வடிகட்ட நல்ல பருத்தித் துணி வேண்டும். பீரோவைத் திறந்தால் என் கணவரின் வேட்டிகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. கடைசிக் காலத்தில் டாக்டர் அவருக்கு எண்ணெய்ப் பலகாரத்தையே தடுத்திருந்தார். கடைவீதி வழியாகப் போகும்போது ஒன்றும் கேட்கமாட்டார், முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

பின்வாசலில் ஒரு வேட்டியைத் தொட்டில்போல் கட்டி எண்ணெயை ஊற்றினேன். மழை விட்ட பிறகு கூரை ஓரத்தில் சொட்டுமே, அந்த மாதிரி அவசரமே இல்லாத சத்தம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தேன். கீழே வைத்திருந்த டிரம் நிரம்பி வழிந்து காலை நனைத்தபோதுதான் எழுந்தேன். துடைக்க வந்த முருகேசன் வேட்டியை நிமிர்ந்து பார்த்தார்.

"டாக்டரு தடுத்தது அம்புட்டும் இப்ப அய்யா வேட்டிக்குக் கெடைக்குதும்மா."

நோன்புக் காலத்தில்

வண்டியை மாற்றிக் கொடுத்தவர் ஜபருல்லா பாய். ஆரப்பாளையத்தில் பட்டறை. டீசல் டேங்க்கோடு எண்ணெய்க்கு இரண்டாவது டேங்க் வைத்து, இரண்டுக்கும் நடுவே டிரைவர் கைக்கு எட்டும்படி ஒரு வால்வும் வைத்தார். டீசலில் கிளப்ப வேண்டும். இஞ்சின் சூடாகி, ரேடியேட்டர் வெந்நீர் எண்ணெயை இளக்கியதும் வால்வைத் திருப்பி எண்ணெய்க்குப் போக வேண்டும். இஞ்சினை அணைப்பதற்குக் கொஞ்ச தூரம் முன்பே மறுபடி டீசலுக்கு வந்துவிட வேண்டும். மறந்து அணைத்தால், ஆறிய எண்ணெய் குழாய்க்குள் நெய்யாக உறைந்து உட்கார்ந்துவிடும்.

முதல் ஓட்டம் ரமலான் மாதத்துப் பிற்பகலில். நான் பெருமையோடு வண்டியைப் பட்டறை வாசலில் நிறுத்தச் சொல்லி இஞ்சினை உறுமவிட்டேன். சமோசா வாசனை தெரு முழுக்கப் பரவியது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள். பாய் மட்டும் என் மேல் உள்ள மரியாதையால் நின்றார்.

"வண்டி நல்லாத்தான் ஓடுது. ஆனா நோன்பு தொறக்குற வரைக்கும் ஆத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் ஓட்டிப் பாருங்கம்மா."

கருப்பசாமி கோயில்

கோடை முழுக்க வண்டி பிரமாதமாக ஓடியது. மார்கழிக் குளிர் வந்ததும் வழியில் நிற்க ஆரம்பித்தது, அதுவும் ஒரே இடத்தில். பேரையூரிலிருந்து வரும் பாதையில் ரோட்டோரம் ஒரு கருப்பசாமி கோயில். டிரைவர்கள் அங்கே வண்டியை நிறுத்தி, இஞ்சினை அணைத்து, திருநீறு வாங்கி, ஒரு டீயும் குடித்துவிட்டுத்தான் நகர்வார்கள். முருகேசனுக்குத் தூரத்தில் கோயில் தெரிந்ததுமே கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வால்வு எங்கே ஞாபகம் வரும்? டீ குடித்து முடிப்பதற்குள் எண்ணெய் உறைந்துவிடும். அணைக்காமல் கும்பிட்டால் என்ன என்று கேட்டேன். சாமி முன்னால் இஞ்சினை உறுமவிடுவது மரியாதை இல்லை என்றார். மரியாதை பற்றி நான் வாதாட முடியாது; பட்டறை வாசலில் என் மரியாதையைத்தான் பார்த்தோமே.

காய் அனுப்புகிறவர்களுக்குத் தலைவி பேச்சியம்மாள். கூலிக்குக் களை எடுத்த நிலத்தையே பின்னால் சொந்தமாக வாங்கி, கத்தரி போட்டு நிமிர்ந்தவர். சந்தை கலைந்த பிறகு போய்ச் சேர்ந்த காயைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு வண்டிதான் என்று சொல்லிவிட்டார். முருகேசன் தலையைக் குனிந்துகொண்டார். நான் குளிர், எண்ணெய், உறைநிலை என்று விளக்கத் தொடங்கினேன்.

"எங்க காயி வாடுறதுக்கு எதுக்கும்மா உங்க வண்டியில ஏறணும்? அது காட்டுலயே வாடிக்கிருமே."

வெள்ளைக் கல்

நான் யோசித்தேன். கோயிலுக்கு ஒரு மைல் முன்னால், ரோட்டோரம் கிடந்த கல் ஒன்றை நிமிர்த்தி நட்டு, என் கையாலேயே சுண்ணாம்பு அடித்தேன். கல்லைப் பார்த்ததும் முருகேசன் வால்வைத் திருப்பிவிட வேண்டும். அவ்வளவுதான் ஏற்பாடு. ஒரு வாரம் ஒழுங்காக நடந்தது. எனக்குக் கர்வம்கூட வந்தது.

பிறகு யாரோ கல்லுக்குக் குங்குமம் வைத்தார்கள். அடுத்து மாலை. அப்புறம் ஒரு எலுமிச்சம்பழம். போகிற வண்டிகள் நிற்கத் தொடங்கின. நிற்கிறவர்களுக்காக ஒரு டீக்கடை வண்டியும் வந்துவிட்டது. ஒருநாள் முருகேசன் வந்து, நாளை முதல் அங்கேயும் இஞ்சினை அணைத்துக் கும்பிடாமல் தாண்ட முடியாது என்றார். அது நான் சுண்ணாம்பு அடித்த கல் என்று ஞாபகப்படுத்தினேன்.

"சுண்ணாம்பு அடிச்சது நீங்கதாம்மா. சாமி வந்து உக்காந்ததுக்கு நீங்க என்ன செய்ய முடியும்?"

பாலம் தாண்டியபோது

மறுநாள் லோடோடு நானே ஏறிக்கொண்டேன். சந்தையில் காய் வாங்குகிறவரைப் பார்க்க வேண்டும் என்று பேச்சியம்மாளும் கூட வந்தார். கல்லுக்கு முன்னால் ஒரு சின்னப் பாலம் வரும். அங்கே வந்ததும் "மாத்துங்க" என்று சொல்ல வேண்டியது என் பொறுப்பு. வேறு வேலை எனக்கு இல்லை.

பனி பருத்திக் காட்டின் மேல் படுத்திருந்தது. வெடித்த பஞ்சு எது, பனி எது என்று பிரிக்க முடியவில்லை. அதற்கு ஒரு வார்த்தை தேடினேன். இரண்டு மூன்று கிடைத்தன, எதுவும் பிடிக்கவில்லை. நல்ல வார்த்தை அகப்பட்ட நேரத்தில் இஞ்சின் அணைந்திருந்தது. முருகேசன் என் கல்லைக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பாலம் எப்போதோ போய்விட்டது.

திருநீறு வைத்துக்கொண்டு வந்து சாவியைத் திருகினார். வண்டி இருமியது, பிறகு இருமலும் நின்றது. முருகேசன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. பேச்சியம்மாள் இறங்கி, சேலையை இழுத்துச் செருகி, கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். தேங்காய் ஏற்றிய வேன் ஒன்று நின்றது. அடுத்து ஒரு பால் வண்டி, பந்தல் நாற்காலி ஏற்றிய ஒரு டெம்போ. கும்பிட்டு முடித்த ஒவ்வொருவரிடமும், மதுரைக்குத்தானே போகிறீர்கள், நாலு கூடையை ஏற்றிக்கொள்ளுங்கள் என்றார். அப்போதுதான் திருநீறு பூசிய எவனாலும் சாமி முன்னால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சந்தை கூடுவதற்குள் கத்தரிக்காய் முழுவதும் போய்ச் சேர்ந்தது.

கடைசிக் கூடையோடு டெம்போவில் ஏறப்போன பேச்சியம்மாளிடம், நாளை முதல் எந்த வண்டிக்குச் சொல்லியிருக்கிறார் என்று கேட்டேன். முருகேசன் தலையைத் தூக்கினார். அவர் லாரியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இந்த வண்டியே வரட்டும்மா. நிக்கிறதா இருந்தா மட்டும் இங்கனயே நிக்கச் சொல்லுங்க."

சமையல் எண்ணெயில் லாரி ஓடுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இரண்டு டேங்க், ஒரு வால்வு, நின்றுபோகும் இடத்தில் ஒரு சாமி, இவ்வளவும் இருந்தால் தாராளமாக ஓடும்.