குளியலறையில் இரண்டு முயல்கள்

தையல்காரரின் மனைவி இறந்ததிலிருந்து அவள் வளர்த்த கிழட்டு முயல் சரியாகத் தீனி எடுக்கவில்லை. துணை சேர்த்தால்தான் பிழைக்கும் என்றார் மாட்டு டாக்டர். அவர் ஒரு பெட்டை முயலை வாங்கிவந்தார். வீடெங்கும் கிழட்டின் ராஜ்ஜியம் என்பதால், அது கால் வைத்தறியாத குளியலறையில் இரண்டையும் விட்டார். கையில் தடித்த உறை மாட்டியிருந்தார்.

கிழடு பாய்ந்து கவ்வியது. ரோமம் பறந்தது.

"மாமா, பிரிச்சு விடுங்க! கொன்னுடும்!" வாசலில் நின்ற மச்சினன் கத்தினான்.

அவர் நீட்டிய கையைப் பாதியில் நிறுத்தினார். "பொறுடா. உங்கக்கா என்கிட்ட முகம் கொடுத்துப் பேசவே ஆறு மாசமாச்சு."

பெட்டை ஓடவில்லை, தலையைத் தரையோடு தாழ்த்தியது. கிழடு சுற்றிவந்து முகர்ந்து, அதன் நெற்றியை நக்கியது. அவர் கீரைத் தண்டு ஒன்றை நீட்டினார். பெட்டை ஒரு முனையைக் கடிக்க, மறுமுனையைக் கிழடு கடித்தது.