லேபிள் இல்லாத செய்திகள்

எங்கள் தங்கச் சுரங்க ஊரான மாரிக்குப்பத்தில் வேலைக்குப் போக ரயில் ஏறும்போதே எனக்குக் கோபம் தலைக்கு ஏறியிருந்தது. எங்கள் கம்பெனி மென்பொருள், லேபுகளின் ரத்த ரிப்போர்ட்டுகளை ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் ஒரு செய்தியாக வரிசையில் நின்றுதான் போகும். அன்று யாரோ ஒரு புண்ணியவான் சோதனைக்கான போலிச் செய்திகளை அந்த வரிசையிலேயே கொட்டிவிட்டார். நிஜ ரிப்போர்ட்டுகள் நடுவில் மாட்டிக்கொண்டன. ஓர் ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைக்குக் காமாலை. ரிப்போர்ட் வரவில்லை, மறுபடி ரத்தம் எடுக்க அந்தப் பிஞ்சுக் கையில் நரம்பே அகப்படவில்லை என்று டாக்டர் ஃபோன் மேல் ஃபோன் போட்டார்.

மடியில் லேப்டாப்பைத் திறந்தேன். எங்கள் பைத்தான் லைப்ரரியில் வரிசையை வடிகட்டிப் பார்க்கலாம், அழிக்கலாம்; ஒவ்வொரு செய்தியிலும் 'நிஜம்' அல்லது 'சோதனை' என்று லேபிள் இருக்கும். 'நிஜம்' என்று லேபிள் உள்ளதை வைத்துக்கொண்டு மற்றதை அழி என்று ஒரே வரி எழுதினேன். எதிரே இருந்த தோழி, அதே கம்பெனிக்காரி, எங்கள் ஊரிலேயே மைசூர் மைன்ஸ் சுரங்கப் பக்கத்துக்காரி, என் கையைப் பிடித்துவிட்டாள்.

"இருடீ. லேபிளே இல்லாதது இன்னா ஆவும்?"

"எல்லாத்துக்கும் இருக்குதுடீ. மேனேஜர் கத்துறாரு, உடு."

"எங்கப்பா சுரங்கத்துல வெடி வைக்கசொல்ல, எல்லாரும் ஒதுங்கிட்டாங்கன்னு தெரிஞ்சாலும் ஒரு கொரல் குடுப்பாராம். குடுத்துட்டு, பதில் வருதான்னு சும்மா நிப்பாராம்."

என் அப்பாவும் சுரங்கத்தில்தான், நந்திதுர்க்கில், வேலை பார்த்தார். எனக்கு மட்டும் ஏன் இது தோன்றவில்லை என்று எரிச்சல் வந்தது.

எதையும் அழிக்காமல், லேபிள் காலியாக இருப்பவற்றை மட்டும் காட்டும்படி அவள் ஒரு வரி எழுதினாள். பங்காரப்பேட்டையில் வண்டி நின்றபோது திரையில் கொஞ்சம் செய்திகள் வந்து நின்றன. எல்லாம் ஒரு சின்ன லேபின் நிஜ ரிப்போர்ட்டுகள். அவர்களுடைய பழைய மென்பொருள் லேபிளே போடாது. அவற்றில் அந்தக் குழந்தையுடையதும் இருந்தது. என் வரி ஓடியிருந்தால் அது போயே போயிருக்கும்.

நிஜமானவற்றை எல்லாம் அனுப்பி முடித்த பிறகே போலிகளை அழித்தாள். இப்படி ஒரு மண்டை எனக்கு வாய்க்கவில்லையே என்று பொறாமையாகவும் இருந்தது, எங்கள் ஊர்க்காரி என்று பெருமையாகவும் இருந்தது. சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று சொல்லவில்லை.

ஒயிட்ஃபீல்டு தாண்டும்போது மேனேஜர் கூப்பிட்டார். ரிப்போர்ட் கிடைத்துவிட்டது, குழந்தைக்கு இன்னொரு ஊசி வேண்டாமாம். அவளிடம் சொன்னேன். இட்லி டப்பாவை மூடிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"கொழந்த பதில் குடுத்துடுச்சி பாத்தியா" என்றாள்.